வாடிய செடியும் வாளாவிருந்த நாமும்

தம் கையால் எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாத ஒருவர் கொல்லாமை அறத்தை முழுமையாகக் காத்தவர் ஆவாரா? அவர் ஒன்றும் செய்யாமல் வாளாவிருந்ததனாலேயே ஓர் உயிர் அழியுமானால், அப்பழி யாரைச் சாரும்? இவ்வினாவை நாம் ஏட்டில் கண்டு எழுப்பவில்லை. சென்ற ஆண்டு ஆனித் திங்களில், நம் வீட்டு வடபுறச் சன்னல் விளிம்பில் இருந்த ஒரு பூந்தொட்டியில் கண்டோம்.

அதற்கு முந்தைய ஆண்டு பொங்கலுக்கு வந்த மருமகள், பெங்களூரிலிருந்து ஓர் ஆர்க்கிடுச் செடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெலனாப்சிஸ் என்பது அதன் இனப்பெயர். அந்துப்பூச்சியைப் போன்றது எனப் பொருள்படும் அக்கிரேக்கப் பெயரைப் புளூமே என்னும் தாவரவியலார் 1825ஆம் ஆண்டில் சூட்டினார். ஒரே தண்டில் ஒன்பது வெண்பூக்கள், இறகு விரித்த பூச்சிகள் வரிசையாக அமர்ந்தாற்போல் இருந்தன. பங்குனி இறுதிவரை அவை வாடவில்லை. வீட்டிற்கு வந்தவர்கள் காகிதப் பூவோ என்று ஐயுற்றுத் தொட்டுப் பார்த்தனர். பூக்கள் உதிர்ந்தபின் அச்செடியை ஒருவரும் பார்க்கவில்லை. நாமும் வாரம் ஒருமுறை நீர் வார்த்தோமே தவிரப் பார்த்தோமில்லை. பூ இருந்தவரை அது விருந்தினர். பூ உதிர்ந்தபின் சன்னலருகே கிடந்த பல பொருள்களுள் அதுவும் ஒரு பொருள்.

அடுத்த பங்குனியில் நமக்குக் கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை நடந்தது. ஒரு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினோம். திரும்பிய பின்னும் சித்திரை, வைகாசி இரு திங்களும் அச்செடியின் நினைவே எழவில்லை. கண் சரியில்லை என்று காரணம் சொல்லலாம். ஆனால் அக்கண்ணைக் கொண்டுதான் நாள்தோறும் நூல்கள் படித்தோம். அட்டமி, சதுர்த்தசி பார்த்து உபவாசம் இருந்தோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் இல்லத்தில் இன்றும் கிணற்று நீரை இருமடித் துணியில் வடிகட்டியே பயன்படுத்துகிறோம். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மடியாதிருக்க, அத்துணியை வடிகட்டிய நீராலேயே அலசி, அந்நீரை மீண்டும் கிணற்றில் மெல்ல இறக்குவது நம் மாமியார் கற்பித்த வழக்கம். கிணற்றடியிலிருந்து அடுக்களைக்குச் செல்லும் வழியில்தான் அந்தச் சன்னல் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத உயிர்களைக் காத்த நீரைக் குடத்தில் ஏந்திக்கொண்டு, கண்ணெதிரே நீரின்றி வாடிய ஓர் உயிரை நாளொன்றுக்கு நான்கைந்து முறை கடந்து சென்றிருக்கிறோம்.

ஆனியில் ஒருநாள் சன்னலைத் துடைக்கும்போது கை பட்டு ஓரிலை கழன்று விழுந்தது. அப்போதுதான் பார்த்தோம். ஐந்திலைகளுள் இரண்டு மஞ்சளித்திருந்தன. ஏனையவை பழந்தோல் செருப்பைப் போல் துவண்டு, நெடுகச் சுருக்கம் விழுந்து தொங்கின. நெஞ்சு பதறிற்று. உடனே ஒரு செம்பு நீரை ஊற்றினோம். மாலையில் மற்றொரு செம்பு. இவ்வாறு பத்து நாள் காலையும் மாலையும் தவறாமல் வார்த்தோம். நாம் வார்க்க வார்க்கச் செடி மேலும் துவண்டது. அக்கம்பக்கத்தார் சிலர் உரம் போடச் சொன்னார்கள். ஒருவர் சர்க்கரைக் கரைசல் ஊற்றச் சொன்னார். நல்ல காலமாக அவற்றைச் செய்யவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் செய்துகாட்டிய ஒரு சோதனை நினைவுக்கு வந்ததே காரணம். உலர்ந்த திராட்சையை நீரிலிட்டால் ஊதிப் பருக்கும். நறுக்கிய வெள்ளரியில் உப்பைத் தூவினால் அதன் உடலிலுள்ள நீர் வெளியே கசிந்துவிடும். சவ்வூடு பரவல் என்னும் பாடத்திற்கு மற்றவர்கள் உருளைக்கிழங்கைக் குடைந்தார்கள். நாம் வெள்ளரியை எடுத்தோம். வறண்ட வேருக்கு உரக்கரைசலும் அந்த உப்பைப் போன்றதே.

நம்மிடம் ஐந்தாம் வகுப்பில் பயின்று, பிற்காலத்தில் தோட்டக்கலை கற்று நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர் ஒருவர், வேறொரு காரியமாக வந்தவர், அச்செடியைத் தூக்கிப் பார்த்தார். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியிலிருந்த செடியை, அழகுக்காக ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தோம். பீங்கான் தொட்டிக்கு அடியில் துளை இல்லை. நான்கு விரற்கடை அழுக்கு நீர் அதில் தேங்கி நாறியது.

"டீச்சர், முன்னே இது தாகத்தில் வாடியிருக்கிறது. இப்போது தண்ணீரில் மூழ்கிச் சாகிறது" என்றார்.

அவர் வேர்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக் காட்டினார். மொத்தம் பதினொரு வேர்கள். சில, நூல் மட்டும் எஞ்சிய வெற்றுறைகள். அவை நம் மறதியில் காய்ந்தவை. சில, அழுத்தியதும் பழுப்பு நீர் கசிந்து குழைந்தவை. அவை நம் பரிவில் அழுகியவை. மூன்று மட்டுமே உறுதியாக இருந்தன. மூன்று திங்கள் மறதி கொன்றது பாதி. பத்து நாள் பரிவு கொன்றது மீதி.

இச்செடியின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். பெலனாப்சிஸ் மண்ணில் வேரூன்றும் செடியன்று. தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது. அதனைப் புல்லுருவி என்று நினைப்பவர் உண்டு, அது தவறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். இதுவோ மரத்தில் இடம் மட்டுமே கொண்டு, மழையையும் காற்றின் ஈரத்தையும் நம்பி வாழ்வது. அதன் வேரைச் சுற்றி வெலாமன் என்னும் பஞ்சு போன்ற உறை உண்டு. மழை பெய்தவுடன் அவ்வுறை நீரை விரைந்து பற்றிக்கொள்ளும். பின்னர் காற்றில் உலரும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நிகழ்ந்தால்தான் அவ்வேர் மூச்சுவிடும். வறண்டபோது அது வெள்ளி நிறமாகவும், நனைந்தபோது உள்ளிருக்கும் பச்சையம் தெரியப் பச்சையாகவும் தோன்றும். அச்செடிகளைக் கண்ணாடி போன்ற தொட்டியில் விற்பது அதனால் பயனுடையதாகிறது. தாகத்தையும் நிறைவையும் வேரே நிறத்தால் சொல்லிவிடும். அதனை நாம் பீங்கானுக்குள் மறைத்து வைத்தோம்.

நீரின்றி வேர் காய்ந்தாலும் இலை துவளும். நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை துவளும். உறிஞ்ச வேர் இல்லையெனில் வெள்ளத்தின் நடுவே நின்றாலும் செடிக்குத் தாகமே. இலையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். நாம் இலையைத்தான் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், இலையைக்கூட அன்று. நம் மனத்தின் உறுத்தலைத்தான் பார்த்தோம். அந்தப் பத்து நாளும் வார்த்த நீர் செடியின் தாகத்தைத் தீர்க்க வார்த்ததா, நம் உறுத்தலைத் தணிக்க வார்த்ததா என்று இன்று எண்ணிப் பார்க்கும்போது, பின்னதே மிகுதி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்பிழையைச் செய்தவர் நாம் மட்டும் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துச் செல்வர்கள் ஆர்க்கிடுகளைக் கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். வெப்ப நாட்டிலிருந்து வந்தவை ஆதலின், அவற்றைக் கண்ணாடி இல்லங்களில் காற்றுப் புகாதபடி அடைத்து, கரி அடுப்பால் சூடேற்றி, நீராவியை நிரப்பி வைத்தனர். பெரும் பொருட்செலவில் பேணப்பட்ட அச்செடிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. டெவன்ஷயர் கோமகனின் தோட்டத் தலைவராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் போன்றோர்தாம் காற்றோட்டமும் அளவான வெப்பமும் வேண்டும் என்பதைக் கண்டு வழிமாற்றினர். கோமகன் 1835ஆம் ஆண்டில் ஜான் கிப்சன் என்பவரை இந்தியாவுக்கு அனுப்பிக் காசி மலைப் பகுதியிலிருந்து செடிகளைத் திரட்டி வரச் செய்தார். அச்செடிகள் குளிர்ந்த மலைக்காற்றில் வாழ்பவை என்பதைச் செடிகளைக் கேட்டிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும். நேசம் வெறியாக முற்றியதும் உண்டு. ஆல்பர்ட் மில்லிகன் என்ற ஆர்க்கிடு வேட்டைக்காரர் 1891இல் வெளியிட்ட நூலில், கொலம்பியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் செடிகளுக்காக நாலாயிரம் மரங்களை வெட்டியதைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார். அம்மரங்களில் வாழ்ந்த ஏனைய உயிர்களின் கணக்கு அந்நூலில் இல்லை.

வகுப்பறையிலும் நாம் இதனைச் செய்திருக்கிறோம். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி சொல்வதெழுதுதலில் திடீரெனப் பின்தங்கினாள். பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டி, மாலை வேளைகளில் அவளை இருத்தி நாள்தோறும் கூடுதலாகச் சொல்லி எழுத வைத்தோம். மேலும் பிழை, மேலும் பயிற்சி. ஒரு மாதம் சென்றபின் அவளுடைய பாட்டி வந்து, குழந்தைக்குக் காதில் சீழ் வடிவதாகவும், ஒரு பக்கம் கேட்பதே இல்லை என்றும் கூறினார். அவளுக்கு வேண்டியிருந்தது முன்வரிசை இடமும் மருத்துவரும். நாம் அளித்ததோ, கேளாத செவிக்கு நூறு சொற்கள். அக்கறையுள்ள ஆசிரியை என்று அக்காலத்தில் நம்மைப் பலர் பாராட்டியிருந்தனர்.

இனிச் செடிக்கு வருவோம். அழுகிய வேர்களை நீக்காவிடில் அழுகல் நடுத்தண்டிற்கு ஏறிவிடும் என்றார் அந்த மாணவர். கிழங்கும் வேரும் உணவில் சேர்க்காது எழுபது ஆண்டுகளைக் கடந்த கை, கத்தரியை எடுத்து வேரை அறுப்பதற்குத் தயங்கியது. கத்தரியைத் தீயில் காட்டி ஆறவைத்து, இறந்த பகுதியை மட்டும், உயிருள்ள இழை தொடங்கும் இடம்வரை நறுக்கினோம். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்தோம். நல்ல வேரில் அது பட்டால் வேரை உலர்த்திவிடும். ஒருநாள் நிழலில் ஆறவிட்டோம். தேங்காய் மட்டைத் துண்டுகளை இரண்டு நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, மரக்கரித் துண்டுகளுடன் கலந்து, பழைய பிளாஸ்டிக் தொட்டியிலேயே பக்கங்களில் மேலும் துளையிட்டுச் செடியை நிறுத்தினோம். அடித்தண்டைப் புதைக்கவில்லை. இருக்கும் மூன்று வேர்களால் இலைகளின் செலவுக்கு ஈடுகொடுக்க இயலாது. ஆகவே வரவைப் பெருக்குவதைவிடச் செலவைச் சுருக்குவதே வழி. சிறு துளைகளிட்ட தெளிந்த பாலிதீன் பையை மேலே கவிழ்த்து, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தோம். பையினுள் ஈரம் நிறைந்திருந்தால் இலை வழியே நீர் போவது குறையும். வேர் வெள்ளி நிறம் கொண்ட நாளில் மட்டும் தொட்டியைப் பத்து நிமிடம் நீரில் அமிழ்த்தி, நன்கு வடித்து எடுத்தோம். இலைக் குருத்தில் நீர் தங்கினால் அதனைப் பஞ்சால் ஒற்றி எடுத்தோம்.

இச்செடியைப் பற்றி அறிந்த ஒரு செய்தி நமக்குச் சிரிப்பை வரவழைத்தது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கும். பெலனாப்சிஸ் நீரைச் சேமிக்கும் பொருட்டுப் பகலில் அவற்றை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நம் இல்லத்தில், கதிரவன் மறைந்தபின் வாய்திறக்கும் ஓர் உயிர்!

சிரிக்க இயலாத செய்தி ஒன்றும் உண்டு. இலையடியில் வெண்பஞ்சு போல மாவுப்பூச்சிகள் ஒட்டியிருந்தன. செடியின் சாற்றை உண்டு வாழ்பவை. அவற்றை விட்டுவைத்தால் நலிந்த செடி பிழைக்காது. ஓரறிவுயிரைக் காக்க மூவறிவுயிர்களை அழிப்பது எந்த அறம்? சாராய ஸ்பிரிட்டால் துடைத்துவிடச் சொன்னார்கள். நாம் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஓரிலையில் ஏந்தி, கொல்லைப்புறத்துப் புதரில் விட்டோம். இரண்டு வாரங்கள் நாள்தோறும் இதுவே வேலை. அவை அங்கே பிழைத்தனவா என்று சென்று பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்பதே சரி. இதனைக் கொல்லாமை என்று நாம் உரிமை கொண்டாட மாட்டோம். இவ்வினாவிற்கு நம்மினும் கற்றோர் விடை கூறட்டும்.

முதல் வினாவுக்கு மட்டும் நாம் தெளிந்த விடையைக் கூற விழைகிறோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கொலையை வரையறுக்கும்போது, உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் நேர்வது என்கிறார். பிரமாதம் என்பது சோர்வு, விழிப்பின்மை. தமிழ் வழக்கில் அச்சொல் எப்படியோ பாராட்டுச் சொல்லாகிவிட்டது. கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம் என்கிறோம். நாம் செடி வளர்த்த முறையும் அச்சொல்லின் பழைய பொருளில் பிரமாதமே. அந்நூலே கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களை எண்ணுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முதல் நான்கும் கை செய்வன. ஐந்தாவதைச் செய்யக் கையை அசைக்கவும் வேண்டியதில்லை.

இவை பெரும்பாலும் கால்நடைகளை வைத்தே விளக்கப்படும். இல்லறத்தார் விரதம் இயங்கும் உயிர்களைப் பற்றியது. ஓரறிவுயிர் அதில் அடங்காது என்று நம் அண்ணன் மகன் வாதிட்டார். நூலறிந்தவர், அவர் கூறியது தவறன்று. ஆயினும் நாம் அவரிடம் ஒன்றைக் கேட்டோம். இல்லறத்தார்க்கு ஓரறிவுயிரில் விலக்களித்தது எதன்பொருட்டு? உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், குடியிருக்க வேண்டும் என்னும் தேவையின்பொருட்டு. நாம் அச்செடியை மூன்று திங்கள் மறந்திருந்ததால் நிறைவேறிய தேவை யாது? நாம் உண்டோமா, உடுத்தோமா? மெய்யுணர்வு, உடல்வலி, ஆயுள், மூச்சு என்னும் நான்கு பிராணன்களே அவ்வுயிர்க்கு உண்டு, வாக்கு இல்லை. மாடாக இருந்தால் கத்தியிருக்கும். கத்த இயலாத உயிரைத் தொட்டியில் கட்டி வைத்தவர், அதற்குப் பதிலாகத் தாமே பார்க்கும் கடமையையும் சேர்த்துத்தானே ஏற்கிறார்?

"அப்படியானால் கொல்லைப்புற மாமரத்தில் கட்டி விடுதலை செய்துவிடுங்கள், அத்தை, கூண்டுக் கிளியைத் திறந்துவிடுவதுபோல" என்றார் அவர்.

நாமும் ஓரிரவு அவ்வாறே எண்ணினோம். ஆனால் கடையில் விற்கும் இச்செடிக்குத் திரும்பிச் செல்லக் காடு இல்லை. ஆர்க்கிடு விதை தூசியைப் போன்றது. முளைக்கு வேண்டிய உணவு அதனுள் இராது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையால்தான் அது முளைக்கிறது என்பதை நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1899இல் கண்டார். பூஞ்சையின்றியே சர்க்கரை கலந்த கூழில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். அதன்பின் ஆர்க்கிடுகள் குடுவைகளில் பிறக்கலாயின. நம் செடியும் பல இனங்களைக் கலந்து, குடுவையில் பிறந்து, கண்ணாடி இல்லத்தில் சில ஆண்டுகள் வளர்ந்து விற்பனைக்கு வந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மாமரத்தில் அதனைக் கட்டுவது விடுதலையாகாது. கண்ணுக்கு மறைவான இடத்தில் மீண்டும் மறப்பதற்கு ஒரு வழியாகும்.

ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று திங்களும் ஒன்றும் நிகழவில்லை. மேலும் ஓரிலை மஞ்சளித்து விழுந்தது. இரண்டே எஞ்சின. நீர் மிகுதியாக ஊற்றக் கை துடித்த நாள்கள் பல. வேர் பச்சையாக இருந்ததால் கையைக் கட்டிக்கொண்டிருந்தோம். முன்பு வாளாவிருந்ததும் இப்போது வாளாவிருப்பதும் பார்ப்பவருக்கு ஒன்றேபோல் தோன்றியிருக்கும்.

ஐப்பசி மழை பிடித்தது. கார்த்திகையில் ஒருநாள், இலையிடுக்கில் அரிசியளவு பச்சை முளை தென்பட்டது. படமெடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினோம். "பூந்தண்டு போலத் தெரிகிறது, அத்தை! நீங்கள் சாதித்துவிட்டீர்கள்" என்றாள் மருமகள். நமக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்தது. நலிந்த செடி பூத்தால் எஞ்சிய வலிமையும் பூவிலே போய்விடும். பூந்தண்டாயின் அதனையும் கத்தரிக்க வேண்டும் என்று மாணவர் முன்பே எச்சரித்திருந்தார். பூந்தண்டாயின் நுனி சற்றுத் தட்டையாகவும் ஒருபுறம் மடிப்பு உடையதாகவும் இருக்கும். வேராயின் உருண்டு மழமழப்பாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். நம் கண்ணுக்கு இரண்டும் தெரியவில்லை. பேரன் வைத்துவிட்டுப்போன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு காலைதோறும் பார்த்தோம்.

எட்டாம் நாள் முளை கீழ்நோக்கி வளைந்தது. பச்சை நுனிக்குப் பின்னே வெள்ளி நிற உறை மெல்லப் படரத் தொடங்கியது.

"வேர்தானா?" என்றாள் மருமகள், தொலைபேசியில்.

தை பிறந்தபோது புதுவேர்கள் மூன்று. கட்டைவிரல் அளவில் ஒரு புதிய இலை. பழைய இரண்டிலைகளின் சுருக்கம் அப்படியே இருக்கிறது. அது இனிப் போகாது என்கிறார்கள். செடி பிளாஸ்டிக் தொட்டியிலேயே, வேர் தெரியும்படி, கிணற்றடி வழியிலிருந்த சன்னலை விட்டு நாம் உட்கார்ந்து படிக்கும் மேசைக்கு வந்துவிட்டது. பீங்கான் தொட்டியில் இப்போது அடுக்களை அகப்பைகள் நிற்கின்றன.